ஒஹாயோவில் மூன்று திண்ணைகள்

நாள் 1: மென்டர், கிளீவ்லாந்து

விமான நிலையத்தில் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டதும் நண்பன் கேட்ட முதல் கேள்வி, "சாப்டியா?" இரண்டாவது, நான் அனுப்பியிருந்த பட்டியலை நீட்டி, "யாருடா இவங்கள்லாம்?"

அவன் கேட்டதில் தப்பில்லை. பட்டியலில் லிங்கனும் இல்லை, கென்னடியும் இல்லை. கார்ஃபீல்ட், மெக்கின்லி, ஹேய்ஸ், ஹார்டிங், ஹாரிசன். அமெரிக்கப் பிள்ளைகளே பரீட்சைக்கு முதல் நாள் மனப்பாடம் செய்து, மறுநாள் மறந்துவிடும் பெயர்கள். ஆனால் எட்டு அதிபர்களைக் கொடுத்த மாநிலம் என்று ஒஹாயோக்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு. உண்மையில் இங்கே பிறந்தவர்கள் ஏழு பேர்தான். வர்ஜீனியாவில் பிறந்து இங்கே குடியேறிய ஹாரிசனையும் சேர்த்தால்தான் எட்டு வரும். வர்ஜீனியாவும் அவரை விட்டுக்கொடுக்கவில்லை, தன் கணக்கில் வைத்திருக்கிறது. நண்பன் பதினான்கு வருஷமாக கொலம்பஸ் பக்கத்தில் குடியிருக்கிறான். எட்டில் ஒருவர் வீட்டைக்கூட எட்டிப் பார்த்ததில்லை.

எனக்கு இந்த ஆசை வந்ததற்குக் காரணம் ஒரு சொல். நம்மூரில் தேர்தல் நேரத்தில் 'திண்ணைப் பிரச்சாரம்' என்பார்கள். கட்சிக்காரர்கள் தெருத்தெருவாகப் போய், வாக்காளர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவார்கள். இங்கே அதைத் தலைகீழாகச் செய்திருக்கிறார்கள். வேட்பாளர் தன் வீட்டுத் திண்ணையை விட்டு இறங்க மாட்டார். மக்கள் ரயில் பிடித்து வந்து, வாசலில் நின்று அவர் பேச்சைக் கேட்டுவிட்டுப் போவார்கள். ஒஹாயோவில் மூன்று பேர் அப்படி உட்கார்ந்த இடத்திலிருந்தே ஜெயித்தார்கள். அந்த மூன்று திண்ணைகளையும் பார்த்துவிட வேண்டும் என்பது திட்டம். மற்றதெல்லாம் வழியில் வருவது.

மென்டர், கிளீவ்லாந்துக்குக் கிழக்கே சுமார் 25 மைல். கடைகளும் கார் ஷோரூம்களுமாகப் போகும் சாலையில் திடீரென்று ஒரு பெரிய புல்வெளி, அதற்குள் கார்ஃபீல்டின் மரவீடு. 1876இல் பண்ணையாக வாங்கியது. 1880 தேர்தலில் செய்தி சேகரிக்க வந்த நிருபர்கள் புல்வெளியிலேயே டேரா போட்டார்கள். வீட்டுக்கு 'லான்ஃபீல்ட்' என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான்.

அந்த வருஷம் சிகாகோவில் நடந்த குடியரசுக் கட்சி மாநாட்டுக்கு கார்ஃபீல்ட் போனதே வேறொருவரை முன்மொழியத்தான். யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் வாக்கெடுப்பு இழுத்துக்கொண்டே போய், 36ஆவது சுற்றில் இவரே வேட்பாளர் ஆனார். மாப்பிள்ளைத் தோழனாகப் போனவர் கழுத்தில் மாலை விழுந்த கதை. அதிபர் பதவிக்கு நிற்பவரே ஊர் ஊராகப் போய் ஓட்டுக் கேட்பது அந்தக் காலத்தில் அவ்வளவு கௌரவமான காரியமில்லை. அதனால் வீட்டிலேயே இருந்தார். பண்ணைக்குப் பின்னால் ரயில் பாதை. ஜனங்கள் அங்கேயே இறங்கி, வயல் வழியாக நடந்து வாசலுக்கு வந்துவிட்டார்கள். அந்தச் சில மாதங்களில் பதினைந்தாயிரம் பேருக்கும் மேல். ஜெர்மன்காரர்கள் கூட்டமாக வந்தபோது அவர்களிடம் ஜெர்மனிலேயே பேசியிருக்கிறார்.

திண்ணையில் ஏறி நின்று பார்த்தேன். மரத்தரை, இடுப்பளவு கிராதி. நண்பன் கீழே புல்லில் போய் நின்றுகொண்டு, "பேசுங்க தலைவரே" என்றான். கொஞ்சம் சத்தமாகப் பேசினாலே அவனுக்குக் கேட்டது. மைக் இல்லாத காலத்தில் இது எப்படி நடந்திருக்கும் என்ற என் சந்தேகம் அங்கேயே தீர்ந்தது. மேடையில் நிற்பவருக்கும் கேட்பவருக்கும் நடுவே நான்கைந்து படிதான்.

உள்ளே எனக்குப் பிடித்தது ஒரு நாற்காலி. கார்ஃபீல்ட் காலைக் கைப்பிடிக்கு மேல் தொங்கப்போட்டுப் படிப்பாராம். அதற்காகவே ஒரு பக்கக் கைப்பிடியைத் தாழ்த்திச் செய்திருக்கிறார்கள். படிக்கிற மனுஷன் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் உறுப்பினராக இருந்தபோது பித்தகோரஸ் தேற்றத்துக்குச் சொந்தமாக ஒரு நிரூபணம் கண்டுபிடித்தார். 1876இல் ஒரு கல்விப் பத்திரிகையில் அது அச்சாகியது.

வண்டி நிறுத்துமிடத்தில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே (நண்பன் மனைவி நான்கு நாளைக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறார், தங்கச்சி வாழ்க), பேப்பர் தட்டின் பின்பக்கத்தில் அதைப் போட்டுப் பார்த்தோம். ஒரே அளவுள்ள இரண்டு செங்கோண முக்கோணங்கள். ஒன்றைப் படுக்கவும் ஒன்றை நிமிர்த்தியும் ஒரே கோட்டில் ஒட்டி வைத்து, மேல் முனைகளை இணைத்தால் ஒரு சரிவகம். நடுவே மூன்றாவதாக ஒரு முக்கோணம் தானாக வந்துவிடும். சரிவகத்தின் பரப்பை ஒருமுறை மொத்தமாகவும், ஒருமுறை மூன்று முக்கோணங்களாகவும் கணக்கிட்டுச் சமன் செய்தால் தேற்றம் கையில். ஐந்து வரிகூட இல்லை. "நம்ம கணக்கு வாத்தியார் இதைச் சொல்லியிருந்தா நானும் அதிபர் ஆயிருப்பேன்" என்றான் நண்பன்.

மாலையில் கிளீவ்லாந்தின் லேக் வியூ கல்லறைத் தோட்டம். 1890இல் திறந்த 180 அடிக் கோபுரம். கீழே இறங்கினால் இரண்டு சவப்பெட்டிகள், மண்ணுக்குள் புதைக்காமல் கண்ணெதிரே. கணவரின் பெட்டி மேல் கொடி போர்த்தியிருக்கிறது, பக்கத்தில் மனைவி லுக்ரீஷியா. அதுவரை கேலி பேசிக்கொண்டு வந்த நண்பன் செருப்பைக் கழற்றலாமா என்று ஒரு கணம் யோசித்தது தெரிந்தது.

கார்ஃபீல்ட் பதவியில் இருந்தது ஆறரை மாதம். அதில் கடைசி இரண்டரை மாதம் படுக்கையில். 1881 ஜூலை 2 அன்று வாஷிங்டன் ரயில் நிலையத்தில் சார்லஸ் கிட்டோ என்பவன் சுட்டான். கட்சிக்கு உழைத்த தனக்குப் பாரிஸில் தூதரகப் பதவி தரவில்லை என்று கோபம். குண்டு ஆளைக் கொல்லும் இடத்தில் பாயவில்லை. கழுவாத விரலையும் கருவியையும் காயத்துக்குள் விட்டு விட்டுத் தேடிய மருத்துவர்கள்தான் சீழ் பிடிக்க வைத்தார்கள். தொலைபேசி கண்டுபிடித்த கிரஹாம் பெல் ஓர் உலோகக் கண்டறி கருவியோடு ஓடி வந்தார். கட்டிலின் ஸ்பிரிங் இரும்பு குழப்பியதும், தலைமை மருத்துவர் உடம்பின் வலப்பக்கத்தை மட்டும் தேட விட்டதும் சேர்ந்து அதுவும் பலிக்கவில்லை. செப்டம்பர் 19 அன்று உயிர் போனது. நான் சுட்டேன், கொன்றது டாக்டர்கள் என்று கோர்ட்டில் கிட்டோ வாதாடினான். பாதியாவது உண்மை. அவனைத் தூக்கில் போட்டார்கள்.

இந்தச் சாவுக்குப் பிறகுதான், 1883இல், அரசு வேலையைக் கட்சிக்காரர்களுக்குப் பங்கு போடாமல் தேர்வு வைத்துக் கொடுக்கும் சட்டம் வந்தது. குரூப் நான்குக்கு மூன்று முறை எழுதியவன் நண்பன். பெட்டியை இன்னொரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் படியேறினான்.

நாள் 2: கேன்டன்

தெற்கே ஒரு மணி நேரம். மெக்கின்லி நினைவு மண்டபத்துக்கு எத்தனை படி தெரியுமா? 108. யாரும் வேண்டுமென்று வைத்த எண்ணாக இருக்காது, ஆனாலும் நண்பன் எண்ணிக்கொண்டே ஏறினான். பாதியில் அவனுக்குக் கணக்கு தப்பிவிட்டது, எனக்கு மூச்சு. உள்ளூர்க்காரர்கள் அதே படியில் ஓடி ஓடி ஏறி இறங்கி உடற்பயிற்சி செய்கிறார்கள். காதில் பாட்டு, கையில் தண்ணீர் பாட்டில், உள்ளே இருப்பவரைப் பற்றி ஒரு கவலையும் இல்லை.

நடுப்படியில் மெக்கின்லி சிலை. பஃபலோ கண்காட்சியில் கடைசியாகப் பேசியபோது நின்ற கோலம். மறுநாள், 1901 செப்டம்பர் 6 அன்று, அங்கேயே வரிசையில் வந்தவர்களோடு கை குலுக்கிக்கொண்டிருந்தபோது லியோன் சொல்கோஸ் சுட்டான். எட்டாம் நாள் இறந்தார். சட்டையில் எப்போதும் ஒரு சிவப்புக் கார்னேஷன் பூ வைத்திருப்பார். அன்று அதை எடுத்து ஒரு சின்னப் பெண்ணிடம் கொடுத்துவிட்ட சில நிமிஷத்தில் சுடப்பட்டார் என்று சொல்வார்கள். 1904இல் ஒஹாயோ அந்தப் பூவையே மாநில மலராக ஆக்கிக்கொண்டது.

மண்டபத்துக்குள் கரும்பச்சைக் கல்லில் கணவன், மனைவி இருவருக்கும் பேழைகள். பின் சுவருக்குள் இரண்டு குழந்தைகள். ஒன்று கைக்குழந்தை, இன்னொன்றுக்கு நான்கு வயதுகூட நிறையவில்லை. இரண்டையும் இழந்த பிறகு மனைவி ஐடா மீளவேயில்லை. வலிப்பு வேறு. விருந்தில் வலிப்பு வந்தால் மெக்கின்லி ஒரு கைக்குட்டையை எடுத்து அவர் முகத்தை மூடுவார், அது அடங்கியதும் எடுத்துவிட்டுப் பேச்சைத் தொடர்வார். சுடப்பட்டதும் அவர் சொன்னதும் மனைவியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள் என்றுதான். ஸ்பெயின் போர், பிலிப்பைன்ஸை விழுங்கியது என்று அவர்மேல் எனக்கு நிறைய வழக்கு உண்டு. அந்தச் சுவருக்கு முன்னால் நின்றபோது எதையும் எடுக்கத் தோன்றவில்லை.

சரி, திண்ணைக்கு வருவோம். 1896இல் எதிரே நின்ற பிரையன் ரயிலிலேயே குடியிருந்து நாடு முழுக்கப் பேசித் தள்ளினார். அவரோடு பேச்சில் போட்டியிட முடியாது என்று மெக்கின்லிக்குத் தெரியும். வீட்டு வாசலில் நின்றுகொண்டார். ரயில் கம்பெனிகள் கட்டணத்தைக் குறைத்தன. ஏழரை லட்சம் பேர் வந்தார்களாம். ஒவ்வொரு குழுவும் என்ன பேசப்போகிறது என்பதை முன்கூட்டியே வாங்கித் திருத்திக் கொடுப்பார்கள். பார்ப்பதற்கு ஊர்ப் பெரியவர் வாசலில் உட்கார்ந்து பேசுவதுபோல இருக்கும், பின்னால் பெரிய இயந்திரமே ஓடியது. புல்வெளி தரைமட்டம். வேலியை ஆளுக்கொரு துண்டாக நினைவுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்த வீட்டைத் தேடி மார்க்கெட் அவென்யூவில் வண்டியை ஓட்டினோம். வீடு இல்லை. 1930களிலேயே இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே பொது நூலகம். போய் ஐந்து நிமிஷம் நின்றோம். ஒரு பையன் ஸ்கேட்போர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனான். மூன்றில் ஒரு திண்ணை கணக்கிலிருந்து போயிற்று.

மதியத்துக்கு மேல் மேற்கே ஃப்ரீமான்ட் நோக்கிப் போகும்போது டயரில் காற்று குறைகிறது என்று விளக்கு எரிந்தது. பார்த்தால் ஓர் ஆணி. பக்கத்து ஊரில் ஒரு பஞ்சர் கடையைக் கண்டுபிடித்து இரண்டு மணி நேரம் போனது. கடைக்காரர் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். ஹேய்ஸ் வீட்டுக்கு என்றேன். "உங்க நண்பரா?" என்றார். நண்பன் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தான். விடுதிக்கு வந்து சேர இரவு ஒன்பது. ஏசி, லாரி மாதிரி சத்தம் போடுகிறது. மற்றது நாளை.

நாள் 3: ஃப்ரீமான்ட், மேரியன், டெலவேர்

ஹேய்ஸ் திண்ணையில் நின்று ஓட்டுக் கேட்டவர் இல்லை. ஆனாலும் திண்ணைப் பைத்தியம் என்றால் அவர்தான். 1873இல் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்: இந்த வீட்டிலேயே சிறந்த பகுதி தாழ்வாரம், அதையும் இன்னும் பெரிதாக்க வேண்டும், எனக்கு வேண்டியது ஒரு தாழ்வாரமும் அதோடு ஒட்டிய வீடும். இதைப் படித்த நாளிலிருந்து அவர் எனக்குச் சொந்தக்காரர் மாதிரி. எங்கள் தாத்தாவும் அறைக்குள் தூங்கியதே இல்லை.

ஸ்பீகல் குரோவ் என்று அந்தத் தோப்புக்குப் பெயர். மழை நின்ற பின் மரங்களுக்கு நடுவே தேங்கும் தண்ணீர் கண்ணாடி போல இருக்கும் என்பதால் ஜெர்மன் மொழியில் 'கண்ணாடி' என்று அழைத்தார்கள். நுழைவாயில் இரும்புக் கதவுகள் ஒரு காலத்தில் வெள்ளை மாளிகையில் இருந்தவை. வளாகத்தில் இருக்கும் நூலகம் 1916இல் திறந்தது, அமெரிக்க அதிபர் நூலகங்களுக்கெல்லாம் அதுதான் முன்னோடி. தாழ்வாரம் உண்மையிலேயே பெரியது. ஒரு கல்யாணப் பந்தி போடலாம்.

ஹேய்ஸ் ஜெயித்த கதை அவ்வளவு அழகில்லை. 1876இல் மக்கள் வாக்கில் எதிரே நின்ற டில்டன்தான் முன்னணி. ஆனால் அதிபரை முறைப்படி தேர்ந்தெடுப்பது மாநிலங்களின் தேர்வாளர்கள். அந்தத் தேர்வாளர் வாக்கில் பெரும்பான்மைக்கு அவருக்கு ஒன்றே ஒன்று குறைந்தது. 20 வாக்குகள் தகராறில் கிடந்தன. 15 பேர் கொண்ட ஆணையம் போட்டார்கள். ஒவ்வொன்றையும் 8க்கு 7 என்று ஹேய்ஸ் பக்கமே தீர்த்தது. 185க்கு 184. அதோடு சேர்ந்து, தெற்கு மாநிலங்களில் கறுப்பினத்தவர் வாக்குரிமைக்குக் காவலாக இருந்த ராணுவமும் விலகியது. அந்த வாக்குரிமையை அவர்கள் திரும்பப் பெற ஏறக்குறைய தொண்ணூறு வருஷம் ஆயிற்று. நல்ல மனிதர், படிப்பாளி, ஒரு முறைதான் பதவி என்று சொன்ன சொல் தவறாதவர். ஆனாலும் இந்தப் பழியிலிருந்து அவரைத் தப்பவிட எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு பக்கம் பாராகுவேக்குப் போனால் இவர் பெயரில் ஒரு மாவட்டமே இருக்கிறது. அர்ஜென்டினாவோடு இருந்த எல்லைத் தகராறில் 1878இல் நடுவராக இருந்து பாராகுவேக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார். சொந்த மாநிலத்துப் பஞ்சர் கடையில் அவரைத் தெரியாது, அங்கே ஊர்ப் பெயரே 'வில்லா ஹேய்ஸ்'. நண்பனுக்கு இதைவிடப் பிடித்தது பூனைக் கதை. பாங்காக்கில் இருந்த அமெரிக்கத் தூதர் ஹேய்ஸ் மனைவிக்கு ஒரு சயாம் பூனையைக் கப்பலில் அனுப்பி வைத்தார், நாட்டுக்குள் வந்த முதல் சயாம் பூனை அதுதான் என்கிறார்கள்.

அங்கிருந்து மேரியன். இருபுறமும் காய்ந்த சோளக்கொல்லை, நடுவே நேர்கோடாகச் சாலை. ஹார்டிங் வீட்டுத் திண்ணையைப் பார்த்ததும் இதற்காகத்தான் வந்தோம் என்று தோன்றியது. வீட்டின் முன்பக்கம் முழுக்க ஓடி, ஒரு மூலையில் வட்டமாக விரியும் திண்ணை. அந்த வட்டம் ஒரு மேடை அளவுக்கு இருக்கிறது, பேசுவதற்கென்றே கட்டியதுபோல. பழைய திண்ணை ஒருமுறை இடிந்து விழுந்த பிறகு கட்டியது இது. 1920 கோடையில் இங்கே ஆறு லட்சம் பேர். புல் செத்துப் போய்ச் சரளை கொட்டினார்கள். மெக்கின்லியின் ராசி ஒட்டட்டும் என்று, கேன்டன் வீட்டு வாசலில் நின்ற கொடிக்கம்பத்தையே பிடுங்கி வந்து இங்கே நட்டார்கள். நேற்று நூலக வாசலில் நாங்கள் தேடியதில் ஒரு துண்டாவது இங்கே வந்து போயிருக்கிறது.

நாடு முழுக்கப் பெண்களுக்கு வாக்குரிமை என்று சட்டம் வந்த பிறகு நடந்த முதல் அதிபர் தேர்தல் அது. பெண்களும் கூட்டம் கூட்டமாக இந்தத் திண்ணைக்கு வந்தார்கள். இந்த முறை கீழே நின்றது நான். நண்பன் மேலே ஏறி, கிராதியைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் நின்றான். கேட்டால், "போய் வீட்டுக் கடனைக் கட்டணும்னு நினைச்சேன்" என்றான்.

ஹார்டிங் 1923இல் பதவியில் இருக்கும்போதே சான் பிரான்சிஸ்கோவில் இறந்தார். செத்த பிறகுதான் நண்பர்கள் அடித்த கொள்ளை வெளியே வந்தது. டீபாட் டோம் எண்ணெய் வயல் ஊழலில் அவருடைய அமைச்சர் ஃபால் சிறைக்கே போனார். ஊர் எல்லையில் வெள்ளைச் சலவைக்கல் தூண்கள் வட்டமாகச் சூழ்ந்த நினைவிடம், 46 தூண்கள். நடுவே கூரை கிடையாது. கறுப்புக் கல் இரண்டு, மேலே வானம். பள்ளிப் பிள்ளைகள் போட்ட சில்லறையும் சேர்ந்து கட்டியது. 1927இல் முடிந்த கட்டடத்தைத் திறந்து வைக்க 1931 வரை ஆள் கிடைக்கவில்லை. கெட்ட பெயர் அப்படி. கடைசியில் அப்போதைய அதிபர் ஹூவர் வந்தார், வந்த இடத்தில் ஹார்டிங்கை அவருடைய நண்பர்களே ஏமாற்றினார்கள் என்று பேசிவிட்டுப் போனார். நான் பார்த்த கல்லறைகளில் இதுதான் அழகு. அது அவருக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

கொலம்பஸ் திரும்பும் வழியில் டெலவேர். ஹேய்ஸ் 1822இல் பிறந்த வீடு இருந்த இடம் இப்போது பெட்ரோல் பங்க். ஓரமாக ஒரு நினைவுக்கல். பெட்ரோலும் போட்டுக்கொண்டோம்.

நாள் 4: நார்த் பெண்ட்

நண்பன் வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டுத் தெற்கே சின்சினாட்டி, அங்கிருந்து கொஞ்சம் மேற்கே. மவுன்ட் ஆபர்னில் டாஃப்ட் வீட்டை வெளியிலிருந்து பார்த்தோம். அதிபராகவும் இருந்து, பிறகு தலைமை நீதிபதியாகவும் ஆனவர் அவர் ஒருவர்தான். நேரமில்லை, மன்னிக்கவும்.

ஹாரிசன் கல்லறை ஒஹாயோ ஆற்றைப் பார்த்த ஒரு மேட்டில் இருக்கிறது. 60 அடித் தூண், கீழே ரயில், அக்கரையில் கென்டக்கி. 1840இல் திண்ணையை விட்டு இறங்கித் தனக்கே ஓட்டுக் கேட்டுப் பேசிய முதல் வேட்பாளர் இவர். பேசும் ஆசை அதோடு விடவில்லை. பதவியேற்ற நாளில் குளிரில் கோட்டும் தொப்பியும் இல்லாமல், 8,000 சொல்லைத் தாண்டிய ஓர் உரையை ஒன்றே முக்கால் மணி நேரம் வாசித்தார். 31ஆம் நாள் இறந்தார். நிமோனியா என்றார்கள். வெள்ளை மாளிகைக் குடிதண்ணீரில் கழிவு கலந்ததால் வந்த காய்ச்சலாக இருக்கலாம் என்று அண்மையில் சில மருத்துவ ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அதே கல்லறையில் அவர் மகன் ஜான் ஸ்காட்டும் இருக்கிறார். ஓர் அதிபருக்கு மகன், இன்னொரு அதிபருக்குத் தகப்பன். 1878இல் அவரை அடக்கம் செய்தபோது பக்கத்தில் ஓர் இளைஞனின் குழி தோண்டப்பட்டிருப்பதைக் குடும்பத்தார் கவனித்தார்கள். மருத்துவக் கல்லூரிகளுக்குப் பிணம் திருடி விற்கும் காலம். அதனால் தகப்பன் குழிமேல் பெரிய கற்களை வைத்து சிமென்ட் பூசிக் காவலும் போட்டார்கள். மறுநாள் அந்த இளைஞனின் உடலைத் தேடி ஒரு மகன் சின்சினாட்டி மருத்துவக் கல்லூரிக்குப் போனார். அங்கே ஒரு குழாய் வழிக்குள் கயிற்றில் தொங்கியது அவருடைய தகப்பன். நண்பன் இதைக் கேட்ட பிறகு கையில் இருந்த சிப்ஸ் பாக்கெட்டை மடித்து வைத்துவிட்டான்.

திரும்பும் வழியெல்லாம் ஒரு கணக்குப் போட்டான். பதவியில் இறந்த அமெரிக்க அதிபர்கள் மொத்தம் எட்டு பேர். அதில் நான்கு பேர் ஒஹாயோ. "வாஸ்து சரியில்ல" என்று முடித்தான்.

வீட்டுக்கு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அவன் வீட்டுக்கு முன்பக்கத் திண்ணை கிடையாது. அந்தத் தெருவில் எந்த வீட்டுக்கும் கிடையாது, இரண்டு கார் நிற்கும் கராஜ் கதவுதான் வீட்டு முகமே. கதவைத் தூக்கிவிட்டு, உள்ளே இருந்து இரண்டு மடக்கு நாற்காலியை எடுத்து வாசல் ஓரமாகப் போட்டான். மிச்சமிருந்த புளியோதரையைத் தங்கச்சி சூடு பண்ணிக் கொண்டுவந்து வைத்தார். நாயோடு நடந்து போன ஓர் அமெரிக்கத் தாத்தா நின்று, இந்த வாரம் முழுக்க எங்கே காணோம் என்று நண்பனைக் கேட்டார். ஹார்டிங் வீட்டுக்குப் போனோம் என்றான் இவன். தாத்தா நாயின் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு கிட்டே வந்தார். நண்பன் மூன்றாவது நாற்காலியை எடுக்க உள்ளே போனான்.